ஒதுங்க வைத்த வீடு

அண்ணனைப் பறிகொடுத்த தங்கச்சி ஒருத்தி அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று யோசிப்பீர்கள். நன்றாக யோசியுங்கள். நாத்தனார் வாய்க்கு ஊரில் என்ன மதிப்பு என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் எழுதப்போகிற எதிலும் அவள் வீட்டில் ஒரு பொட்டுத் தூசி இருந்ததாகச் சொல்லமாட்டேன். இல்லாததைச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்போம். கூப்பிடும்போது நங்கையா. நேரில் ஒரு தடவைகூட நான் 'ங்க' போடாமல் அவளிடம் பேசியதில்லை. அவளும் என்னிடம் அப்படித்தான். இப்போதும் 'அவர்' என்று எழுதத்தான் கை போகிறது. எழுதமாட்டேன். எழுத்திலாவது அவள் அவளாக இருக்கட்டும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அண்ணனுடைய லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. உள்ளே போனால் இரும்புச் சுருள் காலைக் கிழிக்கும், ரேடியோ ஒரு பக்கம் கத்தும், அதற்கு மேல் அண்ணன் கத்துவார். பட்டறையை ஒட்டியே வீடு. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டினால் வெள்ளை டைல்ஸ், சத்தமே இருக்காது. லேத் பட்டறைக்காரன் வீட்டுக்கு வெள்ளை டைல்ஸ் கேட்டு வாங்கிப் போட்ட ஒரே பொம்பளை கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அவளாகத்தான் இருக்கும்.

வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிடும். முகம் நிறையச் சிரிப்பாள். "வாங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து என் செருப்பைத் திருப்பி வைப்பாள். "வாசலப் பாத்தாப்பல உட்டுட்டீங்கன்னா போறப்பத் திரும்பாம போட்டுக்கலாமுங்க." வந்தவளுக்குப் போகும் வழியை முதலில் காட்டுகிறாளே என்று எனக்குச் சுருக்கென்று இருக்கும். கோபித்துக்கொள்ளவும் முடியாது. அத்தனை மரியாதையாகச் சொன்னால் எதைப் பிடித்துக்கொண்டு கோபிப்பது?

அவள் கத்தி நான் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. பால் பொங்கினாலும், கரண்ட் போனாலும், பட்டறையில் ஆள் விரலை நசுக்கிக்கொண்டு அலறினாலும், "பதறக்கூடாதுங்க" என்பாள். அவள் பதறவும் மாட்டாள். எப்படிங்க நங்கையா இப்படி இருக்கறீங்க என்று அவர்கள் கல்யாணமான புதிதில் நானே வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். "சாமானெல்லாம் அதது எடத்துல இருந்துச்சுன்னா மனசும் அதும்பாட்டுக்கு இருந்துக்குமுங்க அம்மணி" என்றாள். காலையில் எழுந்ததும் வீட்டை ஒதுங்க வைப்பாள். மத்தியானம் ஒரு தரம், விளக்கு வைக்கும் முன் ஒரு தரம். அடுக்கி, துடைத்து, மடித்து, கண்ணில் படக்கூடாததைக் கண்ணில் படாமல் தள்ளி வைப்பதைத்தான் எங்கள் பக்கம் ஒதுங்க வைப்பது என்கிறோம். எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். விருந்தாளி, ஒரம்பரை யாராவது வருகிறார்கள் என்றால் நாங்கள் செய்வோம். அவள் நாளெல்லாம் செய்தாள்.

சொந்தத்தில் அவளுக்கு இருந்த பேர் இருக்கிறதே, அடேங்கப்பா! பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட, "எங்க பட்டறைக்காரன் ஊட்டுக்கு ஒருக்கா போயிப் பாத்துட்டு வரச் சொல்லோணும் இந்தப் புள்ளைய" என்று என் பெரியம்மா சொல்வாள். என் மாமியாருக்கு அவள் என்றால் கண்கண்ட தெய்வம். என் அடுப்படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கென்றே அந்த வீட்டுக்குப் போய்வருவார்.

அங்கே என் அண்ணன் எப்படி இருந்தார் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் சத்தக்காரர். சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். கடலைக்காய் தின்றால் சுற்றிலும் தோல் பறக்கும். பேப்பர் படித்தால் பேப்பர் நாலு திசைக்கும் போய்விடும். பட்டறை வேலை முடிந்தால் நடுக்கதவு வழியாக வீட்டுக்குள் வர அவருக்கு அனுமதி இல்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், பொடக்காலியில் கிரீஸ் போகக் குளித்து, அங்கே மடித்து வைத்திருக்கும் வேட்டி சட்டையை மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் உள்ளே. மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். உள்ளே வந்த பிறகு அவருக்கென்று ஒரு நாற்காலி. டம்ளரை வைக்க ஒரு சின்ன ஸ்டூல். ஸ்டூலை விட்டு டம்ளர் அந்தண்டை போய்விட்டால், "ஏனுங்க..." என்பாள். அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை வராது. அண்ணன் டம்ளரை எடுத்து ஸ்டூலில் வைப்பார். அந்த 'ஏனுங்க'வுக்கு அவர் பயந்த மாதிரி எங்கள் அப்பாவின் சாட்டைக்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவார். என் வீட்டுக்காரர் பாக்கு மண்டிக்காரர். வீட்டில் பாதி சாக்கு மூட்டை, மீதியில் நாங்கள். அண்ணன் வந்ததும் சட்டையைக் கழற்றி ஒரு மூலையில் எறிவார். தரையில் மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி ஒரு மூட்டைமேல் போட்டுக்கொள்வார். "உன்ற ஊட்டுலதான் பாப்பா எனக்குக் காலு நீட்ட முடியுது" என்பார். சும்மா தமாஷுக்குச் சொல்வது போலத்தான் சொல்வார். நான் அப்போதெல்லாம் சிரிப்பேன்.

அவர்களுக்கு ஒரே பையன். மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது ஹால் சுவரில் பென்சிலால் ஒரு பஸ் வரைந்துவிட்டான். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். மற்ற வீடாக இருந்தால் முதுகில் ரெண்டு வைத்து, அத்தோடு முடிந்திருக்கும். இவள் அடிக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து கையில் கொடுத்தாள். "தொடச்சுட்டு வாங்க கண்ணு, சோறு போட்டு வெக்கறேன்" என்றாள். பென்சில் துடைக்கத் துடைக்கக் கறுப்பாக இழுகி இன்னும் பெரிதாக ஆயிற்று. பையன் அழுதுகொண்டே துடைத்தான். அவள் தட்டில் சோற்றைப் போட்டு, மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். "அங்க ஓரத்துல இருக்குதுங்க கண்ணு" என்று நடுநடுவே எடுத்துக்கொடுத்தாள். நான் துணியைப் பிடுங்கப் போனேன். "போச்சாதுங்க, உடுங்க அம்மணி, அவனே செஞ்சுக்குவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகத்தான் பிடித்தாள். வெயில் இறங்கும்வரை அந்தக் குழந்தை சோற்றைப் பார்த்துக்கொண்டே சுவரைத் துடைத்தது. அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். ஊருக்கு வந்தால் ஓட்டலில் தங்குகிறான்.

ஒருநாள் அவளே என்னிடம் மனம் விட்டுப் பேசினாள். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நெஞ்சே என்னைக் குத்தும். அவளுடைய அம்மா செத்த சமயம். போன் வந்தபோது நான் அங்கே இருந்தேன். சரீங்க, சரீங்க என்று கேட்டு வைத்துவிட்டு, கொடியில் இருந்த துணியை எல்லாம் எடுத்து வந்து மடிக்க உட்கார்ந்தாள். கடைசித் துண்டையும் மடித்து பீரோவில் வைத்த பிறகுதான், "எங்கம்மா போயிட்டாங்களாமுங்க" என்றாள். நான் திகைத்துப்போய்ப் பார்த்ததைக் கண்டு அவளுக்கே என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். அன்றைக்குச் சாவு வீட்டுக்குக் காரில் போகும்போது சொன்னாள்.

"எங்கப்பன் சீட்டாடித் தோத்துட்டு வந்தா, அடுக்களைல ஒரு சட்டி, போசி பாக்கியில்லாம எத்தி உடுமுங்க அம்மணி. அம்மாளுக்கு அடி உழுந்துட்டே இருக்கும். நான் போயி உருண்டு கெடக்கறதையெல்லாம் எடுத்துப் பெருசு சிறுசா அடுக்குவேனுங்க. அடுக்கி முடிக்கறப்ப படபடப்பு அப்பிடியே நின்னுபோகும்."

"அம்மாளுக்கு அடி நின்னுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அது எங்கீங்க நிக்கும்? எனக்கு நின்னுபோகும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் பாவமாகத்தான் இருந்தது. அத்தனை சின்னப் பிள்ளை வேறென்ன செய்யும் என்று மனசு கரைந்துவிட்டது. அந்தப் பாவம் கொஞ்ச வருஷம்தான் நிலைத்தது.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. இட்லிக்கு வந்துவிடுகிற அண்ணனைக் காணவில்லை. இட்லி ஆறி, சட்னி தண்ணி விட்டுக்கொண்டது. சரி, ஏதோ அவசர வேலை வந்திருக்கும் என்று போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள்.

"அண்ணன் படுத்திருக்காருங்க அம்மணி. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டாப்பல இருக்குதுங்க. வலது கை தூக்க வரமாட்டீங்குது."

"அய்யோ! ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டீங்களா நங்கையா?"

"சொல்றேனுங்க. ஊட்ட ஒதுங்க வெச்சுட்டு இருக்கறேன். முடிச்சுபோட்டுச் சொல்றேனுங்க. நீங்க பதறாதீங்க."

நான் போட்ட கூச்சலில் மண்டியில் இருந்த என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவர் போனிலிருந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். நாங்கள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே நங்கை நின்றாள். தலை வாரி, பூ வைத்து, சேலை மடிப்புக் கலையாமல் நின்றாள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் வந்து, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

"காலைல காப்பி குடிக்கறப்பங்க சார். டம்ளரு கையில இருந்து நழுவி உழுந்துருச்சு."

"உடனே போன் பண்ணீங்களாம்மா?"

"தரையெல்லாம் காப்பிங்க. வெள்ளை டைல்ஸு, இடுக்குல எறங்கிட்டாப் போகாதுங்க. மொதல்ல அதத் தொடச்சேன். பொறவு அவருக்குச் சட்டை மாத்துனேன். அப்பவே பேச்சுக் கொளறுச்சுங்க. சோபாவுல பழைய பெட்ஷீட்ட விரிச்சு அவரப் படுக்க வெச்சேன். துணி மடிக்காம கெடந்துச்சு, மடிச்சேன். பாத்திரத்தக் கழுவிக் கவுத்தேன். ஹாலக் கூட்டித் தொடச்சுட்டு இருக்கறப்ப இந்த அம்மணி போன் பண்ணுச்சுங்க."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா?" என்றார்.

"முன்னப்பின்னத் தெரியாதவங்க நாலு பேரு ஊட்டுக்குள்ள வருவாங்கல்லங்க சார்?" என்றாள் அவள்.

டாக்டர் என் பக்கம் திரும்பிக்கொண்டார். ரத்தக்கட்டைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, ஆரம்பித்தவுடனே கொண்டுவந்திருந்தால் போட்டிருக்கலாம், இனிமேல் போட்டுப் பிரயோசனம் இல்லை என்றார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பேச்சும் வலது பக்கமும் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்.

அவளை அங்கேயே, அத்தனை பேர் முன்னால் அறைய வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. திரும்பினால் ஆளைக் காணோம். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. அவற்றைச் சுவரோரம் இழுத்து இழுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் கை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. வரிசை முடிந்தது. நடுக்கமும் நின்றுவிட்டது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சாப்பிட்டீங்களா அம்மணி?" என்று கேட்டாள்.

அண்ணன் உயிரோடு வீட்டுக்கு வந்தார். பேச்சு வரவில்லை. ம்ம், ம்ம் என்று ஒரு சத்தம் மட்டும். வலது கையும் காலும் போய்விட்டன. பின்பக்க அறையில் கட்டிலைப் போட்டாள். பட்டறையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு, நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, வெள்ளை அடித்துவிட்டாள். சத்தம் கேட்டால் அவருக்குப் பதட்டமாகிறது என்றாள். ரேடியோவை நிறுத்தியதற்கும் அதே காரணம்தான். வாழ்நாளெல்லாம் இரைச்சலில் கிடந்த மனுஷனுக்குச் சத்தம் ஆகாதாம்! நல்ல கதையாக இருக்கிறதே என்றேன். சிரித்தாள்.

பார்க்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஆள் இருக்கும் அறையில் ஒரு வாடை இல்லை. வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, படிய வாரிய தலை. முதுகில் ஒரு புண் வந்ததில்லை. நானே திருப்பிப் பார்த்திருக்கிறேன், அப்பட்டமான உண்மை அது. தெருக்காரப் பெண்கள் அவளை வைத்துத் தங்கள் மருமகள்களைத் திட்டினார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டம்ளரைக் கண்ட இடத்தில் வைத்து அவள் நிம்மதியைக் கெடுத்தவர் இப்போது வைத்த இடத்தில் இருந்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. கொஞ்சம் சதை போட்டுக்கூட இருந்தாள்.

இடது கை மட்டும் நன்றாக வேலை செய்தது. அதுதான் வினை. ஒருநாள் பக்கத்து ஸ்டூலில் இருந்த தண்ணி டம்ளரைத் தட்டிவிட்டார். தவறி விழுந்தது என்று அவள் துடைத்தாள். மறுநாள் மருந்துப் பாட்டில். அடுத்து விபூதித் தட்டு. தட்டிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பாராம். இதை அவளே என்னிடம் சொன்னாள், குழந்தை சேட்டையைச் சொல்வது போல. "அதனால ஸ்டூல அக்கட்டத் தள்ளிப்போட்டேனுங்க. கைக்கு எட்டறாப்பல ஒண்ணும் வெக்கறதில்ல. இப்ப நல்லா நிம்மதியா இருக்கறாருங்க."

அன்றைக்கு அவள் அடுப்படிப் பக்கம் போனதும் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து வாயில் வைத்தேன். மாடு குடிப்பது போல மடமடவென்று குடித்தார். மார்பெல்லாம் நனைந்தது. குடித்துவிட்டு ஓவென்று அழுதார். என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படிக்கே போய்க் கத்தினேன்.

"தாகத்துக்குக்கூட நேரம் பாத்துத்தான் தண்ணி குடுப்பீங்களாங்க? நீங்க மனுசிதானுங்களா?"

பாருங்கள், வயிறு எரிந்து கத்தும்போதும் எனக்கு அந்த 'ங்க' விழவில்லை. இந்த மண்ணில் பிறந்த பாவம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அடிக்கடி குடுத்தா அடிக்கடி நனைஞ்சுபோகுதுங்க அம்மணி. மாத்தி மாத்தித் தொடைக்கறப்ப அவருக்கே கூச்சமா இருக்குமுங்க, பாவம்." பிறகு அறைக்குள் போய், நனைந்த சட்டையைக் கழற்றி வேறு சட்டை போட்டுவிட்டாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

பையனுக்குப் போன் செய்தேன். அம்மா தினமும் போட்டோ அனுப்புகிறாள், அப்பா பளிச்சென்று இருக்கிறார், நீங்கள் ஏன் அத்தை இப்படிப் பேசுகிறீர்கள் என்றான். சுவரைத் துடைத்த பிள்ளைக்கா தெரியாது? தெரிந்ததால்தான் அத்தனை தூரத்தில் இருந்தான். அவனை என்ன சொல்வது!

அண்ணனை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவுகட்டினேன். என் வீட்டுக்காரரும் முன்ரூம் மூட்டைகளை மண்டிக்கு ஏற்றிவிட்டுக் கட்டிலுக்கு இடம் செய்தார். ஆனால் பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது ஒருத்தி புருஷனை நான் எந்த உரிமையில் தூக்கி வருவது? சொந்தத்தில் பெரியவர்கள் சொன்னால் ஆச்சு. எங்கள் பெரியப்பா மகன், ஊரில் நியாயம் பேசுகிற பெரியவர், அவரையும் இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வேனில் போனேன். வழியெல்லாம் தண்ணி விஷயத்தைச் சொல்லி அழுதேன். "நேர்ல பாத்துப் பேசிக்கலாம், உடு அம்மணி" என்றார் பெரியவர்.

என்னுடைய முட்டாள்தனம் அதுதான். அந்த வீட்டை நேரில் பார்த்த பிறகு அவளுக்கு எதிராக யாரால் பேச முடியும்?

செருப்பை வாசல் பார்க்க விட்டார்கள். கால் கழுவினார்கள். வெள்ளை டைல்ஸில் நடக்கும்போதே பெரியவருக்கு நடை மாறிவிட்டது, கோயிலுக்குள் போகிற மாதிரி. நங்கை எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். பெருங்காயமும் கருவேப்பிலையும் போட்ட மோர். அறைக்குள் போய் அண்ணனைப் பார்த்தார்கள். போர்வையை நீக்கிக் காலைப் பார்த்தார்கள், ஒருக்களித்து முதுகைப் பார்த்தார்கள். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெத்த தாயி இருந்தாலும் இப்பிடிப் பாக்க மாட்டா அம்மணி. என்ன கொறை கண்டுட்டு எங்களக் கூட்டிட்டு வந்த நீ?"

"தண்ணி குடுக்கறதில்லீங்கண்ணா. கைக்கு எட்டாம வெச்சிருக்காங்க, பாருங்க அந்த ஸ்டூல."

"தட்டி உட்டுப்போடறாருங்க, கண்ணாடி கிண்ணாடி குத்திரும்னு தள்ளி வெச்சிருக்கறேன். கேக்கறப்ப நாந்தான் குடுக்கறேனே" என்றாள் நங்கை. பேச்சு வராத மனுஷன் எப்படிக் கேட்பார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னேன். என் குரல் அதற்குள் வீச்சு வீச்சென்று ஆகிவிட்டிருந்தது. அவள் குரல் அப்படியே இருந்தது. கத்துகிறவள் பக்கம் நியாயம் இருக்கும் என்று யார் நம்புவார்கள்?

"உன்ற ஊட்டுல சாக்கு மூட்டைக்கு நடுவுல எங்க கொண்டுபோயிப் போடுவ இவன?" என்றார் பெரியவர். "வாயில்லாத சீவன வெச்சுக்கிட்டுப் பொம்பளைங்க சண்டை போடாதீங்க."

"அவரையே கேளுங்கண்ணா" என்றேன்.

நங்கை தலையாட்டினாள். "கேளுங்க அம்மணி. போறேன்னாருன்னா நானே துணிமணியெல்லாம் மடிச்சு வெச்சுத் தாரேனுங்க."

கட்டிலுக்குக் கிட்டே போய்க் குனிந்தேன். "அண்ணா, எங்கூட வந்தர்றீங்களா? நம்மூட்டுக்குப் போயிரலாமுங்களா?" அண்ணன் முதலில் அவளைப் பார்த்தார். எத்தனை வருஷத்துப் பழக்கம்! பிறகு என்னைப் பார்த்தார். ம்ம், ம்ம் என்று தொண்டையில் ஏதோ உருண்டது. இடது கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். கடைசல் பிடித்த கை அது, அந்தப் பிடியில் என் தோள் கீழே இழுபட்டது.

"பாருங்க, பாருங்கண்ணா, வாரேங்கறார்!" என்று கத்தினேன்.

பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூடப் பொறந்தவளாச்சே. நீ போறயேன்னு புடிக்கறான். பாசம் எங்க போகும்?" என்றார். மற்றவர்களும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். அவளுக்குக் கைகூப்பி, "நீ நல்லா இருப்ப சாமி" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் அண்ணன் ரொம்ப நாள் இருக்கவில்லை. நான் போய் வந்துகொண்டுதான் இருந்தேன், தண்ணீர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். சாவுக்கு வந்தவர்களும் வீட்டைப் பார்த்துத்தான் மூக்கில் விரல் வைத்தார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அன்றைக்குப் பெரியவரும் மற்றவர்களும் வெளியே போன பிறகு அந்த அறையில் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அண்ணன் தலைப்பை விடவில்லை. நானும் இழுக்கவில்லை. நங்கை கட்டிலின் அந்தப் பக்கமாக வந்தாள். "ஏனுங்க..." என்றாள் மெதுவாக. பிடி தளரவில்லை. அவள் கோபப்படவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, சுண்டுவிரலை முதலில் பிரித்தாள். அப்புறம் அடுத்த விரல். சுளுக்கிக்கொள்ளுமோ என்று பார்த்துப் பார்த்து, பதமாக, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பெருவிரலையும் எடுத்துவிட்டு, கையை உடம்போடு ஒட்டி நேராக நீட்டி வைத்தாள். போர்வையை இழுத்து மேலே விரித்து, ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் இறுகச் செருகினாள்.

அப்புறம் எழுந்து என் தலைப்பைக் கையில் எடுத்து நீவிவிட்டாள். "இப்பிடிக் கசங்கிப்போச்சுங்களே அம்மணி. போனதும் தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்டுருங்க."

போர்வைக்கு அடியில் அண்ணன் கை மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து, அது ஓயும்வரை என்னைப் பார்த்துச் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.